காவலூர் வானத்தின் இருட்டைக் காக்க வேண்டி, மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் மதிப்பிற்குரிய ஆட்சியர்களுக்கும், ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

வாணியம்பாடி வட்டத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர் நான். ஜவ்வாது மலையில் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் அமைந்த காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் இரவு வானம், சுற்றியுள்ள நம் ஊர்களின் விளக்குகளால் மெல்ல மெல்ல வெளிறி வருவதைப் பற்றியும், அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் பெரும்பாலும் உங்கள் கையொப்பங்களில்தான் இருக்கிறது என்பதைப் பற்றியும் எழுதவே இந்த மடல். விளக்குகளைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தரையில் விழ வேண்டிய ஒளி தரையில் மட்டும் விழும்படி செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

காவலூர் வட ஆற்காடு மாவட்டத்தின் ஊராக இருந்த காலத்தில் அங்கே முதல் தொலைநோக்கி வந்தது. கொடைக்கானல் வானாய்வகத்தின் பட்டறையிலேயே உருவாக்கப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி 1968இல் இயங்கத் தொடங்கியபோது, மலை முழுவதற்கும் அடிவார ஊர்கள் அனைத்திற்கும் ஒரே மாவட்ட ஆட்சியர் இருந்தார். 1989இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இன்று காவலூரும் ஆலங்காயமும் வாணியம்பாடியும் ஏலகிரியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஜமுனாமரத்தூரும் செங்கமும் போளூரும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கின்றன. வேலூரும் அணைக்கட்டும் குடியாத்தமும் வேலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. மக்களுக்கு அலுவலகம் அருகில் வந்தது நல்லதே. ஆனால் காவலூருக்கு மேலே இருக்கும் வானம் மூன்று மாவட்டங்களின் விளக்கொளியையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு மூன்று அலுவலகங்களுக்கு நடுவே எவர் மேசையிலும் இல்லாமல் போய்விடக்கூடும் என்ற கவலையால்தான் மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த இடம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். சென்னையில் 1786இல் தொடங்கிய வானாய்வுப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு இடம் மாறியது. சூரியனை ஆராயக் கொடைக்கானல் அருமையான இடம். இரவு ஆய்வுக்கோ அங்குள்ள மேகமும் மூடுபனியும் தடையாக இருந்தன. 1960இல் அங்கே இயக்குநர் பொறுப்பேற்ற வைணு பாப்பு, விண்மீன்களை ஆராய ஏற்ற இடத்தைத் தென்னிந்தியாவில் தேடி, இந்த மலையைத் தேர்ந்தார். காடு சூழ்ந்த மலை, பெருநகரங்களின் ஒளி எட்டாத தொலைவு, மழைக்காலம் போக மீதி மாதங்களில் தெளிந்த இரவுகள் ஆகிய எல்லாம் ஒருங்கே அமைந்த இடம் இது. ஏறத்தாழ 12.6 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் வடவானின் பெரும்பகுதியையும் தென்வானின் பெரும்பகுதியையும் இங்கிருந்தே பார்க்கலாம்.

1972இல் 102 செ.மீ. தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கியபோது, அந்த விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் சட்டென மங்கி மீண்டதை இந்தத் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானமும் இத்தகைய மங்கல்களைப் பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பதை உலகம் அறிந்தது இந்தப் பதிவுகளால்தான். 1986 ஜனவரி 6 அன்று, இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் 1982இல் மறைந்த பாப்புவின் பெயரைச் சூட்டினார். 1988இல் இங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோள் இன்று ராமானுஜன் என்ற பெயரோடு சூரியனைச் சுற்றி வருகிறது. 2014இல் 1.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் சேர்ந்தது. காவலூர் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் ஆய்வகம். அதை நினைவுச் சின்னமாக எண்ணி எவரும் கோப்பை மூடிவிடக்கூடாது.

விளக்கொளி இந்த வேலையை எப்படிக் கெடுக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முடிவெடுப்பவர்களுக்குக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. நல்ல இருட்டில் நம் கண்ணுக்குப் புலப்படும் கடைசி விண்மீனை 6ஆம் ஒளித்தரம் என்கிறோம். ஒளித்தர எண் ஐந்து கூடினால் ஒளி நூறு மடங்கு குறைகிறது என்று இந்த அளவையை 1856இல் வகுத்த நார்மன் போக்சன், 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, கடைசிவரை அங்கேயே பணியாற்றியவர். அவருடைய அளவையின்படி 20ஆம் ஒளித்தரத்தில் உள்ள ஒரு விண்மீன், கண்ணுக்குத் தெரியும் கடைசி விண்மீனைவிட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு மங்கியது. தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்களும் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்), காலக்சிகள் எனப்படும் பெரும் விண்மீன் கூட்டங்களின் வெளிப்புறக் கைகளும் ஏறத்தாழ இந்த மங்கலில்தான் இருக்கின்றன. அத்தகைய ஒரு விண்மீனைத் தொலைநோக்கியில் பதியும்போது, விளக்கே இல்லாத இடத்தில்கூட, அந்த விண்மீனிலிருந்து வரும் அளவுக்கு ஒளி அதைச் சூழ்ந்த சிறு வானப் பரப்பிலிருந்தும் வந்து சேர்கிறது. காற்று மண்டலத்தின் மேலடுக்குகள் இயற்கையாகவே மிக மெல்லிய ஒளியை உமிழ்வதும், எண்ணற்ற விண்மீன்களின் சிதறிய ஒளியும் அதற்குக் காரணம். அதாவது, ஆய்வாளர் தொடங்கும்போதே பாதி ஒளி வேண்டாத ஒளி. நாம் சேர்க்கும் ஒவ்வொரு துளியும் அதன்மேல் ஏறுகிறது.

வானத்தின் பின்னணி ஒளி இரண்டு மடங்கானால், மங்கலான ஒரு பொருளை முன்போன்ற துல்லியத்தோடு அளக்க இரண்டு மடங்கு நேரம் வேண்டும். இதையே தொலைநோக்கியில் ஒளியைத் திரட்டும் கண்ணாடியான ஆடியின் அளவாகவும் சொல்லலாம்: இரண்டு மடங்கு வெளிறிய வானத்தின் கீழ் 2.34 மீட்டர் தொலைநோக்கி, இருண்ட வானத்தின் கீழ் இருக்கும் 1.65 மீட்டர் தொலைநோக்கி செய்யக்கூடியதைத்தான் செய்யும். நான்கு மடங்கு வெளிறினால் அது 1.17 மீட்டராகச் சுருங்கிவிடும். நாட்டின் பணத்தில், நம் பொறியாளர்களின் பல ஆண்டு உழைப்பில் மெருகேற்றிய ஆடியின் பரப்பில் முக்கால் பங்கை, எவரும் தொடாமலே, நம் தெருவிளக்குகள் எடுத்துக்கொண்டுவிடும். ஒளிமிகுந்த விண்மீன்களின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவை) ஓரளவு வெளிறிய வானத்திலும் எடுக்க முடியும் என்பது உண்மைதான்; காவலூரில் நடக்கும் பணியில் கணிசமான பகுதி அத்தகையதே. ஆனால் காலக்சிகள், வாயு மேகங்கள், வால்மீன்களின் வால் ஆகியவை புள்ளியாக அல்லாமல் பரந்து கிடப்பவை. வானம் வெளிறினால் முதலில் மறைவது அவைதான்.

உள்ளாட்சி நிர்வாகத்தினர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. ஒரு நகரத்தின் ஒளி தொலைவில் உள்ள வானத்தை எவ்வளவு வெளிறச் செய்யும் என்பதற்கு 1970களில் வாக்கர் என்ற வானியலாளர் அளந்து சொன்ன தோராயமான விதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அந்த விதியின்படி, தொலைவின் இரண்டரையாம் அடுக்குக்கு ஏற்ப ஒளியின் பாதிப்பு குறைகிறது. காவலூரிலிருந்து நேர்க்கோட்டில் வேலூர் சுமார் 50 கி.மீ., ஏலகிரி சுமார் 20 கி.மீ., ஆலங்காயம் சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ளன. எனவே ஆலங்காயத்தில் வானை நோக்கி எரியும் ஒரு விளக்கு, வேலூரில் அப்படியே எரியும் சுமார் 56 விளக்குகளுக்குச் சமமான கெடுதலைச் செய்கிறது. ஏலகிரியில் எரியும் ஒரு விளக்கு பத்து விளக்குகளுக்குச் சமம். பெருநகரம் செய்வதை நம் சிறிய ஊர் என்ன செய்துவிடப்போகிறது என்று எந்தப் பேரூராட்சியும் எண்ண வேண்டாம். இந்த விஷயத்தில் சிறிய ஊர்களின் கையில்தான் பெரிய பங்கு இருக்கிறது. மலைமேல் இருக்கும் ஊராட்சிகளின் பங்கு அதைவிடப் பெரிது.

விளக்கின் நிறமும் முக்கியம். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ ஒரே அலைநீளத்தைச் சுற்றி அடங்கியிருந்ததால், நிறமாலையில் அந்தச் சிறு பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை ஆய்வாளர்கள் பயன்படுத்த முடிந்தது. இப்போது எங்கும் பொருத்தப்படும் வெண்ணிற எல்இடி விளக்கின் ஒளி நிறமாலை முழுவதும் பரவுகிறது. அதிலும் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலப்பகுதியில் ஓர் உச்சம் இருக்கிறது. நீல ஒளியைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கும் என்பதை நாங்கள் பத்தாம் வகுப்பிலேயே, வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வியோடு சேர்த்துக் கற்பிக்கிறோம். 450 நானோமீட்டர் ஒளி 600 நானோமீட்டர் ஒளியைவிட மூன்று மடங்குக்கும் மேல் சிதறுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த எல்இடி வந்தது சரியான முடிவு. குறை அதன் நிறத் தேர்விலும் பொருத்தும் கோணத்திலும்தான் இருக்கிறது. அவை இரண்டையும் ஒப்பந்தப்புள்ளி கோரும் போதே திருத்திவிடலாம்.

மலைச்சாலைக்குப் போகும் வழியில் நான் அடிக்கடி கடந்துபோகும் ஒரு வளைவில் உள்ள விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஊராட்சியைச் சேர்ந்தது என்பது இங்கே தேவையில்லை. இதே போன்றது எல்லா ஊரிலும் உண்டு. கம்பத்தின் கை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், அதில் மாட்டிய எல்இடி விளக்கின் முகமும் சாலையைப் பாராமல் எதிரே உள்ள புளியமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரவில் அந்த மரத்தின் இலைகள் அடியிலிருந்து நுனிவரை வெளுத்துத் தெரியும். கம்பத்தின் காலடியில், வளைவு திரும்பும் இடத்தில், மண் சரிந்து பள்ளமாகக் கிடக்கும் சாலையோரம் மட்டும் நிழலில் இருக்கும். மெல்லிய பனி இறங்கும் மாதங்களில் அந்த விளக்கிலிருந்து ஒளி மேலே கிளம்பிப் போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எதிரே உள்ள ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் தூங்குவதற்காக ஜன்னலில் பழைய புடவை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஊராட்சி நல்லெண்ணத்தோடு வைத்த விளக்கு அது. மின்கட்டணமும் மாதந்தோறும் கட்டப்படுகிறது. ஆனால் வாகனம் ஓட்டுபவருக்கு அது கண்ணைக் கூசச் செய்கிறது, நடப்பவருக்குப் பள்ளத்தைக் காட்டவில்லை, வீட்டில் உள்ளவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது, வானத்தையும் கெடுக்கிறது. அந்தக் கையை ஒரு மின்பணியாளர் கிடைமட்டமாகத் திருகி வைத்துவிட்டால் இந்த நான்கும் ஒரே வேலையில் தீர்ந்துவிடும்.

பாதுகாப்பு பற்றிய கேள்வி எழும் என்பதை அறிவேன். எழ வேண்டிய கேள்விதான் அது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பல குக்கிராமங்களுக்குச் சாலையும் விளக்கும் வந்ததே தாமதமாகத்தான். பாம்புக்கும் கரடிக்கும் அஞ்சி, வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்களிடம் வானியலுக்காக விளக்கை அணையுங்கள் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. நான் அதைச் சொல்லவும் இல்லை. விளக்கே இல்லாத குக்கிராமத்துக்கு விளக்கு வரவேண்டும். அந்தப் புதிய விளக்கு, மேற்பக்கம் மூடப்பட்டு, கிடைமட்டத்துக்கு மேலே ஒளி போகாதபடி அமைந்து, மஞ்சள் சார்ந்த நிறத்தில் இருக்கட்டும். கீழே விழும் ஒளி முழுவதும் நடப்பவரின் காலடிக்குப் பயன்படும். கண்கூச்சம் இல்லாததால் விளக்கு வட்டத்துக்கு வெளியே நிற்கும் ஆளையும் விலங்கையும் அடையாளம் காண்பதும் எளிதாகும்.

இன்னொரு கேள்வியையும் சிலர் கேட்கிறார்கள். லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் தொலைநோக்கி 2001 முதல் இருக்கும்போது காவலூர் எதற்கு என்கிறார்கள். ஹான்லேயின் வானம் காவலூர் வானத்தைவிட உலர்ந்தது, இருண்டது, அதில் ஐயமில்லை. ஆனால் அது ஏறத்தாழ 32.8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. வானத்தின் தென்கோடியில், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 57 பாகைக்கு அப்பால் உள்ள எதுவும் அங்கே ஒருபோதும் உதிப்பதில்லை. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் தொகுதியான ஆல்ஃபா செண்டாரியை ஹான்லேயில் பார்க்க முடியாது. காவலூரில் அது தென்தொடுவானுக்கு மேல் 16 பாகைவரை எழும். நம் பால்வீதியின் மையம் ஹான்லேயில் 28 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. காவலூரில் 48 பாகைவரை ஏறும். 1987 பிப்ரவரியில், நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறு காலக்சியான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த சூப்பர்நோவா, தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வானியலாளர்கள் கண்டு ஆராய்ந்தவற்றில் நமக்கு மிக அருகில் நிகழ்ந்த விண்மீன் வெடிப்பு. அதிலிருந்து வந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஜப்பானின் நிலத்தடி ஆய்வகத்தில் பதிவாயின. ஆய்வாளர்களுக்கு இத்தகைய நிகழ்வு பல தலைமுறைகளுக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. அந்தச் சூப்பர்நோவா காவலூரில் தொடுவானுக்கு மேல் 8 பாகைதான் எழுந்தது. அந்த 8 பாகைக்குள்ளும் நம் ஆய்வாளர்கள் அதன் நிறமாலையை எடுத்தார்கள்.

இந்த 8 பாகையை நினைவில் வையுங்கள் என்று திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களைத் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். நகரங்களின் ஒளி தலைக்கு மேலே அல்ல, தொடுவானை ஒட்டித்தான் முதலில் குவிமாடம்போல் எழுகிறது. காவலூருக்கு ஏறத்தாழ நேர்தெற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் செங்கம் இருக்கிறது. தென்கிழக்கே சுமார் 46 கி.மீ. தொலைவில் திருவண்ணாமலை நகரம் இருக்கிறது. இந்திய வானியலுக்குக் காவலூர் தரும் தனிச்சிறப்பான தென்வானம், உங்கள் மாவட்டத்து ஊர்களின் விளக்குகளுக்கு மேலேதான் இருக்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் உயர்கோபுர மின்விளக்குகள் வடக்கையும் வடமேற்கையும் வெளிறச் செய்வதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்கிறோம்; தெற்கு எவர் பேச்சிலும் வருவதில்லை.

விண்வெளியில் தொலைநோக்கிகள் பறக்கும் காலத்தில் தரையில் எதற்கு என்பாருக்கும் ஒரு சொல். 2015இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் போன்ற செயற்கைக்கோள்கள் எக்ஸ் கதிரிலும் புற ஊதாக் கதிரிலும் கண்ட ஒன்று எது என்று தெளிவதற்கு, தரையிலிருந்து அதன் நிறமாலையை எடுத்துப் பார்க்கும் தேவை பெரும்பாலும் எழுகிறது. காமா கதிர் வெடிப்புகளின் பின்னொளி சில மணி நேரங்களில் மங்கிவிடும். அந்த நேரத்தில் உலகின் எந்தப் பகுதியில் இரவோ, அங்குள்ளவர்கள்தான் அதைப் பின்தொடர முடியும். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இடைப்பட்ட நீண்ட கடல்வெளியில், அந்த இரவு நேரத்தை நிரப்பும் சில இடங்களில் காவலூர் ஒன்று.

இருட்டு எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு வானியல் வரலாறே சான்று. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கி ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது. ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனிக் காலக்சி என்பதை நிறுவிய விண்மீனை 1923இல் எட்வின் ஹப்பிள் கண்டது அதில்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர வளர அதன் வானம் வெளிறியது. இரண்டாம் உலகப் போரின்போது நகரம் விளக்குகளை மறைக்க வேண்டிவந்தது. அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்ட வால்டர் பாடே, அதுவரை பனிபோல் கலங்கித் தெரிந்த ஆண்ட்ரோமீடாவின் மையப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டி, விண்மீன்கள் இரு பெருந்தொகுதிகளாக இருக்கின்றன என்ற முடிவை 1944இல் வெளியிட்டார். தொலைநோக்கி அதேதான், ஆடியும் அதேதான். மாறியது நகரத்தின் விளக்கு மட்டுமே. போர் முடிந்ததும் ஒளி திரும்பிவந்தது. 1985இல் அந்தத் தொலைநோக்கியின் பணியை நிறுத்தி வைத்தார்கள்.

விழித்துக்கொண்ட ஊர்களும் உண்டு. அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் தன் அருகிலிருந்த வானாய்வகத்துக்காக, வானில் சுழலும் விளம்பர ஒளிக்கற்றைகளுக்கு எதிராக 1958இலேயே சட்டம் இயற்றியது. லா பால்மா தீவின் வானத்தைக் காக்க ஸ்பெயின் 1988இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டிலேயே, ஹான்லேயைச் சுற்றிய பகுதியை லடாக் நிர்வாகம் 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகமாக அறிவித்தது; உள்ளூர்க் கிராமத்தவர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் தந்து, வரும் பயணிகளுக்கு வானம் காட்டுவதையே அவர்களுக்கு ஒரு வருமானமாக்கியது. 2024இல் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் இருள்வான் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. ஜமுனாமரத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மலைவாழ் இளைஞர்களே வானம் காட்டும் நாள் வர முடியாததல்ல. அதற்கு முதலில் வானம் இருக்க வேண்டும்.

திருவிழாக்களைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மங்கலான பொருள்களைப் பார்க்கும் ஆய்வாளர்களுக்கு நிலவொளியும் தடைதான். அதனால் அவர்களுக்கு உரிய இரவுகள் அமாவாசையை ஒட்டியே வருகின்றன. திருவண்ணாமலை கிரிவலம் பௌர்ணமியில் நடக்கிறது; கார்த்திகை தீபமும் சித்ரா பௌர்ணமியும் முழுநிலவை ஒட்டியே வருகின்றன. அந்த இரவுகளில் லட்சக்கணக்கான பக்தர்களுக்காக எரியும் விளக்குகளால் இருட்டு வேண்டிய ஆய்வுக்கு இழப்பில்லை, நிலவே வானத்தை நிறைத்திருக்கும். மாசி மாத மயானக் கொள்ளை அமாவாசையை ஒட்டி வருகிறது என்றாலும், ஓரிரு இரவு விழா விளக்குகளால் ஆய்வு கெட்டுவிடாது. ஆண்டின் எல்லா இரவுகளிலும், எவரும் நடமாடாத இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும், மரத்தையும் சுவரையும் மேகத்தையும் நோக்கி எரியும் விளக்குகள்தான் கெடுக்கின்றன.

எனவே நான் வேண்டுவது இது. மூன்று மாவட்ட ஆட்சியர்களும் சேர்ந்து, வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள், மின்வாரியம், நெடுஞ்சாலைத் துறை, வனத்துறை ஆகியோரை உள்ளடக்கிய ஒரு கூட்டுக் குழுவை அமைக்க வேண்டும். காவலூரைச் சுற்றி 15 கி.மீ.க்குள் இனி வைக்கும் வெளிப்புற விளக்குகள் எல்லாம் முழுமையாக மூடிய மேற்புறமும் 2,700 கெல்வினுக்கு மேற்படாத நிறமும் (கெல்வின் எண் கூடக் கூட ஒளியில் நீலம் கூடும்) கொண்டவையாக இருக்க வேண்டும், 50 கி.மீ. வரை உள்ள ஊர்களில் 3,000 கெல்வினுக்கு மேற்பட்ட தெருவிளக்குகளை இனி வாங்கக்கூடாது. இந்த எல்லைகளை அறிவியலாளர்கள் திருத்திச் சொன்னால் அதையே ஏற்கலாம். இதைத் தனித்தனி அறிவுரைக் கடிதங்களாக அனுப்பாமல், தெருவிளக்கு ஒப்பந்தப்புள்ளிகளின் நிபந்தனைகளிலேயே சேர்த்துவிட வேண்டும். அறிவுரைக் கடிதம் அலுவலர் மாறுதலோடு போய்விடும், ஒப்பந்த நிபந்தனை நிற்கும். உயர்கோபுர மின்விளக்குகளின் முகங்கள் தரைக்கு இணையாக இருக்கின்றனவா என்பதைப் பணி முடித்ததற்கான சான்று தரும் முன்பே பார்க்கச் சொல்லலாம். ஆள் நடமாட்டம் குறையும் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒளியைப் பாதியாகக் குறைக்கும் வசதி எல்இடி விளக்குகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதனால் உள்ளாட்சிகளின் மின்கட்டணமும் குறையும்.

தனியார் கட்டடங்களையும் விட்டுவிட முடியாது. திருமண மண்டபங்கள், பெட்ரோல் பங்குகள், ஏலகிரியின் தங்கும் விடுதிகள், கல்லூரி வளாகங்கள், தோல் தொழிற்சாலைகள் ஆகியவற்றின் சுற்றுச்சுவர் விளக்குகளும், மரங்களைக் கீழிருந்து மேலாக ஒளிரவைக்கும் அலங்கார விளக்குகளும் சேர்ந்தால் ஒரு பேரூராட்சியின் தெருவிளக்குகளுக்கு ஈடாகும். கட்டட அனுமதியிலும் உரிமம் புதுப்பித்தலிலும் விளக்குக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். வானை நோக்கிச் சுழலும் ஒளிக்கற்றைகளை மட்டும் இந்தப் பகுதியில் முழுமையாகத் தடைசெய்ய வேண்டும். அதற்குப் பயன் என்று எதுவும் இல்லை.

இதைக் கண்காணிக்கப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வானத்தின் ஒளியை அளக்கும் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. மலையிலும் அடிவாரத்திலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தால், ஒவ்வொரு மாதமும் அமாவாசை இரவில் மாணவர்கள் அளந்து எழுதித் தருவார்கள். மூன்று ஆண்டுப் பதிவு சேர்ந்தால் எந்த ஊரில் வானம் மீண்டிருக்கிறது, எங்கே மேலும் வெளிறியிருக்கிறது என்பது குழுவின் முன் எண்ணாகவே இருக்கும். என் பகுதிப் பள்ளிகளில் இதற்கான பயிற்சியைத் தர நானும் என்னுடன் பணியாற்றும் ஆசிரியர்களும் அணியமாக இருக்கிறோம். இதற்காக எந்த மதிப்பூதியமும் வேண்டாம்.

கூட்டுக் குழு அமைவதற்குள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரையிலும், காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரையிலும் சாலையோரம் இருக்கும் விளக்குகளின் கோணத்தைச் சரிசெய்ய ஏணி வண்டியும் மின்பணியாளர்களும் இருந்தாலே போதும். தை முதல் சித்திரை வரைதான் காவலூருக்குத் தெளிந்த வானம் கிடைக்கும் மாதங்கள் என்பதால், அந்த வேலையை வரும் மார்கழிக்குள் முடித்துத் தருமாறு வேண்டுகிறேன். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைகளில் இதை ஒரு தீர்மானமாக வைக்க ஊராட்சித் தலைவர்கள் முன்வந்தால், விளக்கிச் சொல்ல எந்த ஊருக்கும் வருகிறேன்.

இங்ஙனம்,
வாணியம்பாடி வட்டத்திலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்